விலத்தாதவள்

நான் அவளை முதுகுப் பக்கமாகத்தான் நன்றாக அறிவேன். பள்ளிக்கூட ஹொக்கி அணியில் நான் கோல் காப்பாளர். அவள் எனக்கு நேர் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரி. இரட்டைப் பின்னல், நுனியில் மடித்துக் கட்டிய கறுப்பு ரிபன், வியர்வையில் முதுகோடு ஒட்டிய மேற்சட்டை, மற்றக் காலைவிட அரையடி முன்னால் வைத்த இடது கால், சற்று மடிந்த முழங்கால். இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் கீறிக் காட்டுவேன். முகம் எப்படி என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஒன்றை மட்டும் யோசிக்காமல் சொல்வேன். அவளுடைய இடது புருவம் நடுவில் பிளந்திருக்கும்.

அவளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதவேண்டிய நேரத்தில் பத்திரிகைக்காரர் எழுதவில்லை. அவள் கொண்டுவந்து கொடுத்த கேடயம் நிற்கும் கண்ணாடி அலுமாரியில் பள்ளிக்கூடமும் எழுதவில்லை. செத்த பிறகு கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தெருவில் கட்டினார்கள். அதை எந்த அழகில் கட்டினார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு நான் பெயரை எழுதி ஆருக்கும் புண்ணியம் தேடிக் கொடுக்க மாட்டேன்.

கோப்பாயில் எங்கள் மைதானம் செம்மண் தரை. பந்து நேராக வரும், ஒரு கல்லில் பட்டு நினைத்த பக்கம் திரும்பும். கல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்களைத்தான் பொறுக்க முடியாது. மைதானத்தின் நடுவால் சந்தைக்கு ஒரு குறுக்குப் பாதை போட்டு வைத்திருந்தார்கள். பெடியன்கள் கிரிக்கெட் விளையாடினால் எல்லோரும் மரியாதையாகச் சைக்கிளைத் திருப்பி றோட்டால் சுற்றிப் போவார்கள். எல்லைக்கோட்டில் நின்று ஒரு ஓவர் பார்த்துவிட்டும் போவார்கள். நாங்கள் விளையாடினால் மட்டும் அது மைதானம் இல்லை, வழி. பந்து உருண்டுகொண்டிருக்க நடுவால் கத்தரிக்காய்ச் சாக்கு போகும், வாழைக்குலை போகும், ஒருநாள் ஒரு ஆடும் போனது.

எங்கள் பக்கத்தில் வழியை விடு என்பதற்கு விலத்து என்போம். பஸ் நடத்துநர் முதல் கோயில் தேர்க்காரர் வரைக்கும் அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு சாக்கு கட்டிய சைக்கிளில் வந்தவரும் மணியை அடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார்.

"பிள்ளை, விலத்து."

அவள் பாதையின் நடுவில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"விலத்தமாட்டன் ஐயா. சுத்திப் போங்கோ."

"உது காலங்காலமாய் நாங்கள் போற பாதை."

"நேற்றுப் பெடியள் விளையாடேக்கை சுத்தித்தானே போனியள்? நான் பாத்தனான்."

மனிதர் முன்சில்லை அவளின் காலுக்குக் கிட்டக் கொண்டுவந்து மணியை அடித்தார். அவள் சில்லைப் பார்த்தாளே தவிர நகரவில்லை. கடைசியில் அவர் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, எங்கள் எல்லோருடைய வளர்ப்பையும் பற்றி உரத்துச் சொல்லிக்கொண்டு றோட்டால் போனார். பின்னேரம் அவளின் அப்பாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவள் அதே இடத்தில் நின்றாள்.

"ஏனெடி உந்தச் சண்டை? ஒரு நிமிசம் விலத்தினால் என்ன?" என்று கேட்டேன்.

"நான் விலத்தினால் எனக்குப் பின்னாலை நீயெல்லோ நிக்கிறாய்" என்றாள்.

அவளுடைய ஆட்டம் முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருந்தது. பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பு அவளை விட்டுப் போனதேயில்லை. நான் கோலுக்குள் நின்று கத்துவேன். "இடப்பக்கம்!" என்றால் அவளுடைய உடம்பு இடப்பக்கம் போகும். "வலம்!" என்றால் வலம். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கிற நேரத்துக்குள் பந்து போய்விடும் என்பாள். வீட்டில் அம்மா ஒன்றுக்குப் பத்துத் தரம் கூப்பிட்டாலும் அசையாதவள், என்னுடைய ஒரு கத்தலுக்கு யோசிக்காமல் நகர்ந்தாள். என் வாழ்நாளில் என்னை அப்படி நம்பிய இன்னொரு ஆள் கிடையாது. கட்டியவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொழும்பில் நடந்த பெரிய போட்டிக்குப் போனபோதுதான் செயற்கைப் புல்லை முதன்முதலில் மிதித்தோம். விளையாடுவதற்கு முன்னால் குழாயைத் திறந்து தரைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். "வெங்காயம் நட்டிருக்கிறாங்களோ?" என்று அவள் என் காதுக்குள் கேட்டாள். அதற்குப் பிறகு சிரிக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த ஈரத்தரையில் பந்து வந்த வேகத்தை எங்கள் செம்மண்ணில் நாங்கள் கண்டதே இல்லை. முதல் ஆட்டத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. அவள் மட்டும், "கல்லு இல்லை, பந்து ஏமாத்தாது, வேகமாய் வந்தால் வரட்டும்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றாள். இறுதியாட்டம் வரைக்கும் வந்துவிட்டோம்.

இறுதியாட்டத்தில் நாங்கள் ஒரு கோலால் முன்னுக்கு நின்றோம். முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கோர்னர் கிடைத்தது. அவர்கள் எங்கள் கோலுக்கு நேரே பந்தை நிறுத்தி அடிப்பார்கள். நாங்கள் கோல் கோட்டில் நின்று, பந்து உள்ளே தள்ளப்பட்டதும் ஓடிப்போய் மறிக்கவேண்டும். அடிப்பவளை நோக்கி முதலில் ஓடுகிறவளுக்கு மட்டையும் உடம்பும்தான் துணை. முகமூடி என்ற ஒன்றை நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. முதலில் ஓடுவது எப்போதும் அவள்தான். ஓடினாள். அடித்த பந்து யாருடைய மட்டையிலோ பட்டு எழும்பியது. எழும்பும் பந்துக்கு எவரும் முகத்தைத் திருப்புவார்கள். அது மனித உடம்பின் பழக்கம். அவள் திருப்பவில்லை. பந்து புருவத்தில் பட்டு வெளியே போனது. அவள் முழங்காலில் இருந்தாள், பிறகு எழும்பினாள். அப்போதுதான் முகத்தைக் கண்டேன். ஒரு பக்கம் முழுக்க இரத்தம்.

மீண்டும் ஒரு கோர்னர் என்று நடுவர் கையைக் காட்டினார். இரத்தம் நின்றால்தான் விளையாடலாம் என்றார். எங்கள் ரீச்சர் பஞ்சைத் தேடிக்கொண்டு நிற்க, அவள் தன்னுடைய பின்னலிலிருந்து ரிபனை உருவிக் கொடுத்தாள். "இறுக்கிக் கட்டுங்கோ ரீச்சர்." கட்டினார்கள். நடுவர் கிட்ட வந்து பார்த்தார், தலையை ஆட்டினார். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து தொங்க, அதே கோட்டில், அதே இடத்தில், அதே இடது காலை முன்னால் வைத்து நின்றாள். அவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். திரும்பவும் ஓடினாள். இந்தத் தரம் பந்து மட்டையில் பட்டது. விசில் ஊதினார்கள். நாங்கள் சம்பியன்.

கோல் அடித்தவளை ஊருக்குத் தெரியும். கோல் விழ விடாதவளை யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் வந்த செய்தியில் கோல் அடித்த பிள்ளையின் பெயர் இருந்தது, பிரதம விருந்தினரின் பெயர் அவருடைய பட்டங்களுடன் இருந்தது, பந்தல் போட்டுக் கொடுத்த கடையின் பெயரும் இருந்தது. படமும் போட்டிருந்தார்கள். அந்தப் படம் எடுக்கும்போது நானும் வரிசையில் நின்றேன். படக்காரர் கையை ஆட்டினார்.

"தங்கச்சி, கட்டுப் போட்ட தங்கச்சி, கொஞ்சம் விலத்துங்கோ. விருந்தினர் சேரை மறைக்கிறியள்."

எனக்குத் தெரிந்து அவள் ஒரேயொரு தரம் விலத்தியது அப்போதுதான். பத்திரிகையில் பிரதம விருந்தினரின் மாலைக்குப் பின்னால் ஒரு காதும் ரிபனின் நுனியும் தெரிந்தன. அதைப் பார்த்துவிட்டு அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். பிறகு, "உந்தாளுக்கு நான் விலத்தியிருக்கக் கூடாதெடி" என்றாள்.

பிறகு மாகாணத்துக்கு விளையாடினாள். நாட்டின் மேற்சட்டையையும் சில காலம் போட்டாள். ஊருக்கு அவள் வந்து இறங்கும்போது ஒரு மேளம் இல்லை, ஒரு மாலை இல்லை. பஸ்ஸால் இறங்கி, பையைத் தோளில் போட்டு, மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்கள், "எங்கை பிள்ளை போட்டு வாறாய், இன்னும் ஒண்டும் பொருந்தேல்லையே?" என்று கேட்பார்கள். கலியாணத்தைத்தான் கேட்டார்கள். வெற்றியா தோல்வியா என்று ஒரு குருவிகூடக் கேட்கவில்லை.

கனடாவிலிருந்து ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. சாதகக் குறிப்போடு அனுப்பப் படம் வேண்டும் என்று அவளின் அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படம் கைக்கு வந்த அன்று அவள் என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பவும் அங்கே போனாள். சேலையில் அழகாகத்தான் இருந்தாள். புருவத்தில் மட்டும் பிளவு இல்லை. துடைத்துவிட்டிருந்தார்கள்.

"என்ரை புருவத்தை எங்கை வைச்சிட்டியள்?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "பிள்ளை, நல்லதுக்குத்தானே எடுத்து விட்டனான். எல்லாரும் எடுக்கச் சொல்லித்தான் கேக்கிறவை."

"நான் கேக்கேல்லை. திருப்பிப் போடுங்கோ."

"அம்மாதான் சொன்னவ."

"அடி பட்டது அம்மாவுக்கில்லை."

வரிசையில் நின்ற ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் மேசைக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வடுவோடு புதுப்படம் கைக்கு வந்த பிறகுதான் படி இறங்கினாள். அதைப் பார்த்த கனடாக்காரர் மறுமொழி சொல்லவே இல்லை. அவளின் அம்மா அழுதார். "வேண்டாம் எண்டால் போகட்டும் அம்மா, பிறகு நேரிலை கண்டு பயப்பிடாமல் இப்பவே பயந்தது நல்லதுதானே" என்றாள் இவள்.

தொண்டைமானாற்றில் தபாற்கந்தோர் வேலையில் இருந்த ஒருவர்தான் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். அதிகம் கதைக்காத மனிதர். அவருக்குப் பதிலாகக் கதைக்க அவருடைய அண்ணர் வந்திருந்தார். அண்ணர் ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர். தேத்தண்ணித் தட்டத்தோடு அவள் வந்தாள். மாப்பிள்ளை மெதுவாக, "உந்தக் காயம் என்னெண்டு வந்தது?" என்று கேட்டார்.

அவள் தட்டத்தை மேசையில் வைத்து நிலத்தில் இருந்துவிட்டாள். சீனிப் போத்தலைக் கோலாக்கினாள். ஒரு கோப்பையைத் தான் என்றாள், இன்னொன்றை நான் என்றாள், அதிபருக்கு ஊற்றி வைத்த கோப்பை எதிரணியின் அடிகாரி ஆகிவிட்டது. ஆட்டம் முடியும் வரைக்கும் அதிபருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டு, "பிறகு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த "பிறகு"தான் அவளைக் கட்டிப்போட்டது என்று எனக்குப் பின்னர் சொன்னாள். அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்.

அதிபர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புத்தி சொன்னார். "எல்லாம் சரி பிள்ளை. ஆனால் ஆரும் கேட்டால் சைக்கிளாலை விழுந்தது எண்டு சொல்லுங்கோ. மட்டை, அடிபாடு எண்டு சனத்துக்கு ஏன் சொல்லுவான்?"

"விழேல்லை அண்ணை. தடுத்தனான்" என்றாள்.

கலியாணம் முடிந்து தொண்டைமானாற்றுக்குப் போன பிறகு இந்த ஒரு வசனத்தை அவள் எத்தனை கலியாண வீட்டில், எத்தனை கோயில் வீதியில் சொன்னாள் என்று கணக்கே இல்லை. அதிபர் தன்பாட்டில் எல்லோருக்கும் சைக்கிள் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்நிதி கோயில் திருவிழாவில் ஒரு மாமி கையைப் பிடித்து, "பாவம், சைக்கிளாலை விழுந்தனியாமே" என்று உருகுவார். இவள் கையை இழுத்துக்கொண்டு, "விழேல்லை மாமி, தடுத்தனான்" என்பாள். பாதிப்பேருக்கு எதைத் தடுத்தாள் என்று கேட்கத் தோன்றாது. கேட்டவர்களுக்கு அங்கேயே நின்று முழு ஆட்டத்தையும் சொல்வாள். அருச்சனைத் தட்டில் வாழைப்பழம் கோலாகும்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய், பெண்பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறேன் என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்து, விளையாட்டுப் போட்டியன்று வரச்சொன்னார்கள். சேலை கட்டிக்கொண்டு பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் பரிசுத் தட்டம் ஏந்தி நிற்கவேண்டுமாம். நாட்டுக்காக விளையாடிய மனுசியிடம் இதைக் கேட்க எப்படி வாய் வந்தது? அவள் தட்டத்தை வாங்கினாள், சுற்றிப் பார்த்தாள், ஒரு கதிரையில் வைத்தாள். "தட்டம் தூக்க வேறை ஆளைப் பாருங்கோ. மைதானத்திலை நிக்க ஆள் வேணுமெண்டால் கூப்பிடுங்கோ, ஓடி வாறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கடைசிவரைக்கும் கூப்பிடவில்லை.

அவளுக்கு ஒரு மகள். கைக்குழந்தையாக இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு நித்திரை வருவதென்றால் தாயின் புருவப் பிளவுக்குள் சுண்டுவிரலை வைத்திருக்கவேண்டும். விரல் நழுவினால் விழித்துக்கொண்டு கத்தும். வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், தாய் கதைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்திருந்து விரலை அங்கே வைக்கும். இவளும் கதையை நிறுத்தாமல் தலையைச் சரித்துக் கொடுப்பாள்.

போன மாரியில் டெங்கு வந்து அவள் போய்விட்டாள். இந்த ஒன்றை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை. இதை எழுதுகிற கையில் எனக்கு இன்னும் ஆத்திரம் நிற்கிறது.

செத்தவீட்டுக்குப் போனேன். வாசல் படலைக்குப் பக்கத்தில் இரண்டு கமுகந் தடிகளை நட்டு, நடுவில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். அதிபர் முன்னின்று அடிப்பித்தது. கோப்பாயைப் பிறப்பிடமாகவும் தொண்டைமானாற்றை வசிப்பிடமாகவும் கொண்ட என்று தொடங்கியது. யாரின் மகள், யாரின் மருமகள், யாரின் மைத்துனி என்றெல்லாம் இருந்தது. மைத்துனருக்கு அவருடைய முன்னாள் பதவியும் போட்டிருந்தது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும், அவளை ஒருநாளும் பார்த்தறியாத சனங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பாசத்தின் உறைவிடமே, குடும்பக் குத்துவிளக்கே என்று கவிதை வேறு. ஹொக்கி என்ற சொல்லை அந்தப் பதாகை முழுக்கத் தேடினேன். பிறப்பிடம் இருந்தது, வசிப்பிடம் இருந்தது. அவள் நின்ற இடம் எங்கேயும் இல்லை.

படத்தைப் பிறகுதான் பார்த்தேன். தலை மட்டும் அவளுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலையும் அட்டியலும் ஒட்டியிருந்தார்கள். முகத்தை மாவு பூசியது போல வெளுப்பாக்கியிருந்தார்கள். இரண்டு புருவமும் ஒரே மாதிரி, முழுசாக, வில்லாக வளைந்திருந்தன. உயிரோடு இருந்தபோது ஸ்ரூடியோக்காரரிடம் போராடி வாங்கிய புருவத்தை, செத்து நாள் ஒன்று ஆவதற்குள் பிடுங்கிக்கொண்டார்கள்.

அதிபரிடம் போனேன். "சேர், அவளின்ரை வடுவை ஏன் எடுத்தனியள்?"

அவர் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, நீர் படிச்ச ஆள், விளங்கும். ஒரு பொம்பிளையின்ரை முகத்திலை வெட்டுக் காயத்தோடை படத்தைத் தெருவிலை கட்டினால் போற வாற சனம் என்ன நினைக்கும்? புருசன் அடிச்சவன் எண்டு நினைக்கும். என்ரை தம்பி ஒரு நாள் கை நீட்டினவனில்லை."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பியின் பெயரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். பெண்ணின் முகத்தில் ஒரு காயத்தைக் கண்டால் அடி வாங்கினாள் என்று நினைக்க ஊருக்கு ஒரு நொடி போதும். அடியைத் தடுத்தாள் என்று நினைக்க ஒருவருக்கும் வராது. அப்படி நினைக்கும் ஊரைத் திருத்துவதை விட்டுவிட்டு அவளின் முகத்தைத் திருத்தினார்கள்.

இதே படத்தைத்தான் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, நடுவறையில் மாட்டப்போகிறோம் என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்திலும் முதற்பக்கத்தில் அதுதானாம். இனி அந்த வீட்டில் காலம் முழுக்க விளக்கு வைப்பது அந்த முகத்துக்குத்தான். மகள் தூணோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பூப்போடக் கூப்பிட்டபோது வரவில்லை.

"அது அம்மா இல்லை" என்றாள்.

பிள்ளை பயத்தில் சொல்கிறது என்று யாரோ தலையைத் தடவி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றடியில் நின்ற தகப்பன் அதைக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. அன்றைக்கு "பிறகு?" என்று கேட்ட வாய் எங்கே போனது?

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் எடுத்துப் போய் இறங்கினேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. படலையடியில் ஆட்கள் கூடி நின்றார்கள். பதாகையில் இடது புருவத்துக்கு நடுவில், தடித்த கறுப்புப் பேனையால் சரிவாக ஒரு கோடு. அளந்து கீறியது போல, சரியான இடத்தில், சரியான நீளத்தில். அந்த இடம் வேறு ஆருக்குத் தெரியும்?

அதிபர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு நின்றார். அவருக்கும் பதாகைக்கும் நடுவில் மகள் நின்றாள்.

"ஆர் உதைக் கீறினது?"

"நான்தான் பெரியப்பா."

"செத்த தாயின்ரை முகத்திலை கீறுறதே? விலத்து பிள்ளை, நான் துடைக்கவேணும்."

"விலத்தமாட்டன்."

"ஊர்ச் சனம் சாப்பிட வரப்போகுது. உன்ரை கொப்பர் அடிச்சதெண்டு கதைக்கப்போகுதுகள். உனக்கு அது விருப்பமோ?"

"கதைச்சால் நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் பிள்ளை. "அம்மா விழேல்லை. அடியும் வாங்கேல்லை. தடுத்தவ."

பிள்ளையை அணைத்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவோம் என்று நினைத்துத்தான் நான் ஆட்களை விலக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன். இரண்டு கமுகந் தடிகளுக்கும் நடுவில் நின்றேன். என் முதுகில் பதாகை பட்டது. கையை நீட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் அந்த முதுகு. பின்னல் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. முழங்கால் சற்று மடிந்திருந்தது. இடது கால் அரையடி முன்னால்.

அதிபர் வலப்பக்கத்தால் துணியை நீட்டினார். பிள்ளை வலப்பக்கம் நகர்ந்து மறித்தாள். அவர் நின்று, அவளை அங்கேயே வைத்துக்கொண்டு, மெல்ல மற்றப் பக்கம் காலை எடுத்து வைத்தார். அவள் அதைக் காணவில்லை. நான் கண்டேன்.

"இடப்பக்கம்!"

கந்தோரில் கோவைகளுக்குள் தலையைப் புதைத்திருக்கும் ஒரு நடுவயதுக்காரி, துக்க வீட்டுப் படலையில் நின்று அப்படிக் கத்தினேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை மட்டும் பார்க்கவில்லை. அவளின் உடம்பு இடப்பக்கம் போய் நின்றது. ஈரத்துணி அவளின் தோளில் பட்டு நின்றது.

"காணும், விடுங்கோ அண்ணை." அவளின் தகப்பன் படலைக்குள்ளால் வந்திருந்தார். "என்ரை மனிசியின்ரை புருவம் அதுதான். கல்வெட்டுக்கும் வடுவோடை இருக்கிற படத்தைத்தான் குடுக்கப்போறன். என்னெண்டு வந்தது எண்டதையும் எழுதுவிப்பன். சனம் என்னைப் பற்றிக் கதைக்கிறதைக் கதைக்கட்டும்."

அதிபர் கையைத் தாழ்த்தினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து உள்ளே போனார்கள், சமையல் பக்கத்தில் யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். பிள்ளை அசையவில்லை. இடது காலை முன்னால் வைத்தபடி, துணி இன்னும் பெரியப்பாவின் கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.